பதினான்கு வயதுக்கான பள்ளி

அன்புள்ள சகோதரிக்கு,

துபாய் அல் நஹ்தாவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் இந்தியப் பள்ளியில் நான்காம் வகுப்பு. மகனுக்கு ஜூலையில் நான்கு வயது முடிகிறது. கணவரின் கம்பெனி இந்த ஆண்டிலிருந்து கல்விப்படி தருகிறது. ஐந்தாறு ஆண்டுகளில் மதுரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மகள் டாக்டராக வேண்டும் என்கிறாள். இவ்வளவும் சொல்லிவிட்டு, “இரண்டு பேரையும் பிரிட்டிஷ் பள்ளிக்கு மாற்றலாமா, எந்தப் பள்ளி நல்லது?” என்று கேட்டிருக்கிறீர்கள். வளைகுடாவில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இதே கேள்வி இருக்கிறது என்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். எந்தப் பள்ளியையும் பரிந்துரைக்கப்போவதில்லை. மாற்றலாமா என்பது தெளிவாகிவிட்டால் எந்தப் பள்ளி என்பதை உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

துபாயில் பள்ளி பார்க்கப் போகிறவர்களை முதலில் எஃப்.எஸ். எனும் மழலை வகுப்புக்குத்தான் அழைத்துப்போவார்கள். மணல் தொட்டி, தண்ணீர் மேசை, சின்னச் சின்ன நாற்காலிகள், முட்டிபோட்டுப் பேசும் ஆசிரியை. உங்கள் மகன் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் விளையாட உட்கார்ந்துவிடுவான். அம்மாவின் மனம் அங்கேயே முடிவெடுத்துவிடும். ஆனால் எஃப்.எஸ். வகுப்பு எல்லாப் பள்ளியிலும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதே கட்டடத்தின் மேல்மாடியில், பதினான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இயர் 9, இயர் 10 வகுப்புகளை. பிரிட்டிஷ் முறையில் பாதை பிரிகிற இடம் அதுதான். பள்ளியை அந்த வயதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்.எஸ். 1, எஃப்.எஸ். 2 என்ற இரண்டு மழலை ஆண்டுகள். பிறகு இயர் 1 முதல் இயர் 13 வரை. இயர் 10, 11 இரண்டும் சேர்ந்து ஐ.ஜி.சி.எஸ்.இ. படிப்பு. இயர் 12, 13 இரண்டும் ஏ லெவல். நம் வகுப்பு எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அவர்களுடைய இயர் வரும். ஏப்ரலில் நான்காம் வகுப்புக்குப் போன உங்கள் மகள் செப்டம்பரில் சேர்ந்தால் இயர் 5. ஊரில் தாத்தா பாட்டியிடம் சொன்னால் ஒரு வகுப்பு தாண்டிவிட்டாள் என்று மகிழ்வார்கள், தாண்டவில்லை. மகன் விஷயம் கொஞ்சம் வேறு. ஜூலையில் நான்கு முடிவதால் அவன் செப்டம்பரில் எஃப்.எஸ். 2-இல் சேர முடியும். இந்தியப் பள்ளியின் கே.ஜி. 1-க்கு மார்ச் 31-க்குள் நான்கு நிறைந்திருக்க வேண்டும் என்பதால் அங்கே அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். இப்படி நான்கு முடிந்த கையோடு சேரும் பிள்ளைகள் பிரிட்டிஷ் வகுப்பில் வயதில் இளையவர்களுள் இருப்பார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் மற்ற பிள்ளைகளைவிட மெதுவாக எழுதினால் கவலைப்பட வேண்டாம்.

இனி மகளைப் பற்றி. இப்போது இயர் 5-இல் சேர்ந்து, ஆறு ஆண்டுகள் கழித்து மதுரைக்குப் போவீர்களானால் அவள் எங்கே இருப்பாள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இயர் 9 முடித்து ஓராண்டு கூடியிருக்கும். இயர் 10 முடித்த நிலையில் ஊர் திரும்புவாள். இரண்டாண்டுப் படிப்பில் பாதி. ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு எழுதாததால் கையில் எந்தச் சான்றிதழும் இருக்காது. சி.பி.எஸ்.இ.யிலும் ஒன்பதும் பத்தும் சேர்ந்த படிப்புதான். நேரே பத்தாம் வகுப்பில் சேர்ப்பது எளிதில் நடக்காது. இங்கே அவள் படித்த உயிரியலும் அங்கே பத்தாம் வகுப்பில் நடக்கும் உயிரியலும் ஒரே வரிசையில் வராது. பல குடும்பங்கள் இந்த நிலையில் பிள்ளையை மீண்டும் ஒன்பதாம் வகுப்பில் உட்காரவைக்கின்றன. பதினைந்து வயதில் தன் வயதுத் தோழிகள் ஒரு வகுப்பு மேலே போக, தான் மட்டும் பின்தங்குவது ஒரு பெண்ணின் மனதை என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாடத்தைவிட அந்த வருத்தம்தான் நான் பார்த்த பெண்ணை அதிக நாள் வாட்டியது.

ஆகவே, திரும்புவதாக இருந்தால் இயர் 9 முடிந்த ஜூலையில் திரும்பி ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அல்லது ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதி முடித்து, பதினொன்றாம் வகுப்பில் சேருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் குறைந்தது ஐந்து பாடங்களில் சி-க்குக் குறையாத தரம் இருந்தால் ஐ.ஜி.சி.எஸ்.இ.யைப் பத்தாம் வகுப்புக்கு இணையாக ஏற்றுக்கொள்கிறது. ஒரு தொல்லை மட்டும் உண்டு. மே, ஜூனில் எழுதும் தேர்வின் முடிவு ஆகஸ்ட்டில்தான் வரும். ஊரில் பதினொன்றாம் வகுப்பு அதற்குள் தொடங்கியிருக்கும். தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

டாக்டர் கனவுக்கு வருகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பார்கள். உண்மைதான். ஆனாலும் பெற்றோர் மனதில் அந்த எண்ணம் வலுவாக இருப்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது, அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன். நீட் தேர்வு மே மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. 2021 முதல் துபாயிலேயே எழுத முடிகிறது. ஏ லெவல் தேர்வுகள் மே, ஜூனில். இரண்டும் ஒரே வாரங்களில் மோதும். நீட் வினாக்கள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டியவை, ஏ லெவல் பிள்ளை பள்ளிக்கு ஒரு பாடத்திட்டம், கோச்சிங்குக்கு இன்னொரு பாடத்திட்டம் என்று இரட்டைச் சுமை தூக்குகிறாள். ஏ லெவலில் பொதுவாக மூன்று பாடம்தான் எடுப்பார்கள். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும், ஆங்கிலமும் கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல். மூன்று இடத்தில் ஒன்றை மாற்றிவைத்தாலும் ஒரு கதவு மூடிவிடும். ஏ லெவல் முடிவும் ஆகஸ்ட் நடுவில் வருவதால், ஊரில் கலந்தாய்வு தொடங்கும்போது மதிப்பெண் கையில் இருக்காது. இதற்காகவே சில பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் வாரியத்தின் நவம்பர் தேர்வையோ எடெக்ஸெல் வாரியத்தின் ஜனவரித் தேர்வையோ எழுதுகிறார்கள். பள்ளி அதற்கு இடம் தருமா என்று கேட்டுவையுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் பள்ளி, இந்தியா திரும்பும் பிள்ளைகளை ஏற்கெனவே அனுப்பிப் பழகிய பள்ளி.

பொறியியலுக்கு ஒரு நல்ல வழி இருப்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்காக ‘டாசா’ என்ற நேரடிச் சேர்க்கைத் திட்டம் இருக்கிறது. அதில் வளைகுடாவில் வேலைசெய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் குறைந்த கட்டணமும் உண்டு. திருச்சி என்.ஐ.டி. உட்படப் பல நிறுவனங்களில் இந்த வழியாகச் சேர முடியும். ஆனால் அதற்கும் ஜே.இ.இ. மெயின் தரவரிசை வேண்டும். அந்தத் தேர்வும் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டியதே.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பிரிட்டிஷ் முறைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முறையில் நான் மனதார மதிக்கும் விஷயங்கள் நிறைய. ஏழு வயதுப் பிள்ளை தினம் ஒரு கதைப்புத்தகம் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. பதினொரு வயதில் ஒரு பத்தியை எழுதி, திருத்தி, மறுபடி எழுதக் கற்றுக்கொள்கிறது. கணக்கில் விடை தப்பினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பதால் பிள்ளைகள் யோசித்த பாதையைத் தயங்காமல் எழுதிக்காட்டுகிறார்கள். வேதியியலில் கையால் செய்து பார்த்த சோதனையைப் பற்றிக் கேள்வி வருகிறது. பழைய வினாத்தாள்களும் மதிப்பெண் வழங்கும் விதிகளும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. விடைத்தாளைத் திருத்துவது பள்ளிக்கு வெளியே இருக்கும் தேர்வாளர். மூன்றே பாடத்தை ஆழமாகப் படிக்கும் ஏ லெவல், தனக்கு எது பிடிக்கும் என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்குப் பெரிய வரம். பதினெட்டு வயது வரை துபாயிலேயே இருந்து, அங்கிருந்து பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போகப்போகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை என்றே சொல்வேன். ஆனால் பிரிட்டிஷ் பள்ளியில் படித்ததற்காக பிரிட்டன் பல்கலைக்கழகம் கட்டணத்தைக் குறைக்காது. துபாய் விசாவில் வளர்ந்த பிள்ளை அங்கே வெளிநாட்டு மாணவர் கட்டணமே கட்ட வேண்டும்.

இந்தியப் பள்ளியிலிருந்து மாறும் பிள்ளைகளின் அம்மாக்களை முதல் ஆண்டில் வாட்டுவது புத்தகமின்மை. தொடக்க வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடநூல் இருக்காது. வீட்டுப்பாடம் குறைவு. ரேங்க் கிடையாது. அறிக்கையில் ‘எதிர்பார்த்த நிலையில் இருக்கிறாள்’ என்று ஒரு வரி இருக்கும். இது நல்லதா கெட்டதா என்றே முதலில் புரியாது. நல்லதுதான். ஆனால் அந்த வரியோடு நின்றுவிடாமல் வகுப்பாசிரியரிடம் அவளுடைய நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அக்டோபரில் எழுதியதும் மார்ச்சில் எழுதியதும் எப்படி மாறியிருக்கின்றன என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

பணம். எஃப்.எஸ். கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேலே போகப்போக அது படிப்படியாக ஏறும். துபாயில் விலையுயர்ந்த பிரிட்டிஷ் பள்ளிகளில் ஏ லெவல் ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் திர்ஹாமைத் தொடுகிறது, சிலவற்றில் தாண்டுகிறது. நடுத்தரப் பள்ளிகளில் அதைவிட மிகக் குறைவு. கட்டணங்களை ஒழுங்குசெய்யும் துபாய் அரசின் ஆணையத்தை எல்லோரும் கே.எச்.டி.ஏ. என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொரு பள்ளிக்கும் இயர் வாரியான கட்டணப் பட்டியலை அது வெளியிடுகிறது. ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்குச் செலவுக் குறியீடு ஒன்று உண்டு. 2024-25க்கு அது 2.6 விழுக்காடு, 2025-26க்கு 2.35. பட்டியலை வாங்கி, இரண்டு பிள்ளைகளுக்கும் இயர் 13 வரை கூட்டிப் பாருங்கள். பஸ், சீருடை, தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் அதற்கு வெளியே. கல்விப்படி கம்பெனியோடு சேர்ந்தது. வேலை மாறினால் படியும் போகும். படி இல்லாமல் சொந்தச் சம்பளத்தில் ஓராண்டு தாக்குப்பிடிக்க முடியுமா என்பதே என் அளவுகோல். முடியாதென்றால் ஒரு படி குறைந்த கட்டணமுள்ள பள்ளியைப் பாருங்கள். நடுவழியில் கட்டணம் கட்ட முடியாமல் மாற்றுச் சான்றிதழுக்கு அலையும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

பெயர்ப்பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் நூற்றாண்டுகள் பழைய பள்ளிகளின் பெயரில் துபாயில் பல பள்ளிகள் நடக்கின்றன. பெரும்பாலும் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை இங்குள்ள நிறுவனம் ஒப்பந்தத்தில் வாங்கியிருக்கும். நல்ல பள்ளிகளாகவும் இருக்கலாம். ஆனால் தரம் பெயரோடு விமானத்தில் வருவதில்லை. மறுபக்கம், லாப நோக்கில்லாத பழைய பிரிட்டிஷ் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. துபாய் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் ஸ்கூல் 1963-இல் தொடங்கியது, துபாய் காலேஜ் 1978-இல். கேரளத்திலிருந்து 1959-இல் வந்த ஆசிரியர் தம்பதியான வர்க்கி குடும்பம் 1968-இல் தொடங்கிய இந்தியர்களுக்கான பள்ளியிலிருந்துதான், இன்று துபாயில் ஏராளமான பிரிட்டிஷ் பள்ளிகளை நடத்தும் ஜெம்ஸ் குழுமம் வளர்ந்தது. இதை நான் சொல்வதற்குக் காரணம், நம்மவர்களும் இந்த ஊரின் கல்வியைக் கட்டியெழுப்பியவர்கள் என்பதுதான். பிரிட்டிஷ் பள்ளியின் வாசலில் நிற்கும்போது நீங்கள் தயங்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று கேள்வி கேளுங்கள்.

என்ன கேட்பது? கே.எச்.டி.ஏ.யின் ஆய்வு அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். ‘அவுட்ஸ்டாண்டிங்’ முதல் ‘வெரி வீக்’ வரை ஆறு நிலைகள். முதல் பக்கத்து ஒரு சொல்லோடு பலர் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். உள்ளே பாடவாரியாக, பிரிவுவாரியாகப் பிள்ளைகளின் நிலையும் முன்னேற்றமும் அட்டவணையாக இருக்கும். தொடக்கப் பிரிவில் மிளிரும் பள்ளி, மேல் வகுப்பு அறிவியலில் இரண்டு படி கீழே இருப்பதை அங்கேதான் காண்பீர்கள். ஆசிரியர் எத்தனை பேர், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், ஓராண்டில் எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் விலகினார்கள் என்பதும் உண்டு. நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி எண்ணைத்தான். மூன்றில் ஒருவர் ஆண்டுதோறும் போகும் பள்ளியில், இயர் 10 நடுவில் இயற்பியல் ஆசிரியர் மாறுவது சாதாரணமாக நடக்கும். அந்த இழப்பை வீட்டில் டியூஷன் வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டிவரும். 2024-25 கல்வியாண்டில் வழக்கமான முழு ஆய்வுகளை ஆணையம் நிறுத்திவைத்தது என்பதால், நீங்கள் படிக்கும் அறிக்கை எந்த ஆண்டினது என்பதைக் கவனியுங்கள். தலைமை ஆசிரியர் மாறியிருந்தால் அறிக்கை பாதி பழசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் அரசின் கல்வித்துறை அங்கீகரிக்கும் ‘பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ்’ ஆய்வு நடந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிறகு ஏ லெவல் வகுப்பு. அந்தப் பள்ளியில் இயர் 13 இருக்கிறதா? புதிய பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்கின்றன. சிலவற்றில் மேல் வகுப்பு இன்னும் திறக்கவே இல்லை. இருந்தால், எத்தனை பேர் படிக்கிறார்கள்? இயர் 11-இல் தொண்ணூறு பேரும் இயர் 12-இல் இருபத்தைந்து பேரும் இருந்தால் மீதிப்பேர் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும். ‘ஏ ஸ்டார் இத்தனை விழுக்காடு’ என்று விளம்பரத்தில் வருவது, நன்றாகப் படிக்கும் சிலரை மட்டும் உட்காரவைத்து எடுத்த எண்ணாக இருக்கலாம். நடுத்தரப் பிள்ளைகளுக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் பள்ளியின் குணம் தெரியும். பிடெக் (BTEC) போன்ற தொழில்சார் படிப்பு உண்டா? இயர் 10-இல் மூன்று அறிவியலையும் தனித்தனியாக எடுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டா, இல்லை சிலருக்கு மட்டுமா? கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையாக இருந்தால் துணை ஆசிரியரின் செலவு யாருடையது? பல பள்ளிகளில் அது பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

சேர்க்கைக்கு முன் மகளுக்கு ‘கேட் 4’ என்ற திறனறித் தேர்வு வைக்கக்கூடும். சொல், எண், வடிவம், இடஉணர்வு என்று நான்கு பகுதி. இதற்கு கோச்சிங் வேண்டாம். ஆங்கிலத்தில் சொந்தமாக அரைப்பக்கம் எழுதுவதற்கு மட்டும் பழக்குங்கள். நம் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

தமிழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. துபாயின் சில இந்தியப் பள்ளிகளில் தமிழை மொழிப்பாடமாக எடுக்க முடியும். பிரிட்டிஷ் பள்ளியில் அரபி கட்டாயம், அதோடு பிரெஞ்சோ ஸ்பானிஷோ வரும், தமிழுக்கு இடமிருக்காது. இதில் பாசத்தோடு நடைமுறையும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய அந்த ஏற்பாடு 2015-16 முதல் சி.பி.எஸ்.இ. போன்ற மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் படிப்படியாக விரிந்தது. இயர் 9 முடித்து மதுரைக்கு வரும் பெண், எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைத் திறந்தால் என்ன ஆகும்? தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்படியான சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. சனி, ஞாயிறில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பள்ளி மாறினாலும் மாறாவிட்டாலும் இதை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கான என் பதில். ஐந்தாறு ஆண்டில் ஊர், பிறகு நீட் என்பதில் நீங்கள் இருவரும் உறுதியாக இருந்தால் மகளை இந்தியப் பள்ளியிலேயே விடுங்கள். அவள் நன்றாகப் படிக்கிறாள், தோழிகள் இருக்கிறார்கள், தமிழும் எடுத்திருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆங்கில உச்சரிப்புக்காக மட்டும் மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவேளை பதினெட்டு வயது வரை இங்கேதான் என்று மனம் மாறினால், இயர் 7 தொடக்கம் மாறுவதற்கு நல்ல சமயம். இயர் 9 வரைகூடத் தாமதமில்லை. அவசரமாக இந்தச் செப்டம்பரில் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மகனுக்கு நேர் எதிரான அறிவுரை. அவன் இயர் 6 வரை எந்த முறையிலும் படிக்கலாம்; அந்த வயதுக்குள் எந்தப் பக்கம் மாறினாலும் ஒரு பருவத்தில் பழகிவிடுவான். அதனால் அவனுக்குத் தரவரிசையைவிட வீட்டுக்கு அருகாமை முக்கியம். அல் நஹ்தாவிலிருந்து அல் பர்ஷாவுக்கு இருட்டில் பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். குஸைஸ், மிர்திஃப் பக்கம் சுமாரான கட்டணத்தில் நல்ல பள்ளி கிடைத்தால் எஃப்.எஸ். 2-இல் சேருங்கள். ஒரே வீட்டில் இரண்டு காலண்டர் என்ற சிரமம் இருக்கும். அவளுக்கு ஏப்ரலில் புது வகுப்பு, அவனுக்கு செப்டம்பரில். சமாளித்துவிடலாம்.

பள்ளி பார்க்கப் போகும்போது காலை நேரத்தில், வகுப்பு நடக்கும்போது போங்கள். இயர் 9 அறிவியல் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகளையும் கூட அழைத்துப்போங்கள். தம்பிக்கான பள்ளி என்றாலும் அவள் கவனிப்பது நமக்குத் தோன்றாததாக இருக்கும். பதிவுத்தொகை கட்டுவதற்கு முன், கல்விப்படி எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வயது வரை, எந்தச் செலவுகளுக்கு என்பதைக் கணவரின் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கிவையுங்கள். பள்ளியோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், நடுப்பருவத்தில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பகுதியை இருவரும் சேர்ந்து படியுங்கள். இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்த்த பிறகு அவற்றின் அறிக்கையும் கட்டணப் பட்டியலும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.